பாதி டிஸ்க் காலி

எங்கள் ஆம்பூர் ஷூ கம்பெனியில் கம்ப்யூட்டர், சர்வர் எல்லாம் பார்ப்பவள் இஃப்ரா. நான் கார்முகிலன், பேக்கிங் சூப்பர்வைசர். எனக்கு லினக்ஸும் தெரியாது, பொறுமையும் கிடையாது.

பதினோரு வருட ஷூ டிசைன்கள் மொத்தமும் ஒரே சர்வரில். போன மாதம் இடம் போதவில்லை என்று இரண்டு மடங்கு பெரிய டிஸ்க் வாங்கினார்கள். இருந்ததை அப்படியே அதில் நகலெடுத்ததால் பழைய டிஸ்க்கின் எல்லையும் கூடவே வந்து, பழைய அளவுக்குத்தான் இடம் கிடைத்தது. மீதிப் பாதி யாருக்கும் உதவாமல் காலியாகக் கிடந்தது. இப்போது தொண்ணூற்றெட்டு சதவீதம் நிறைந்து, லேபிள் பிரிண்ட் ஆகாமல் என் உயிரை வாங்கியது. பழைய டிஸ்க்காவது கையில் இருந்ததா? மேனேஜர் கோபிநாத் "சும்மாதானே கெடக்குது" என்று அதை அழித்து கண்காணிப்பு கேமரா பெட்டியில் மாட்டிவிட்டார். பெரிய கெட்டிக்காரர்! வேறு நகலே இல்லை.

அதோடு விட்டாரா? "ஒரு டிசைன் காணாம போனாலும் நீ வூட்டுக்குப் போய்டு" என்று இஃப்ராவிடம் சொல்லியும் வைத்தார். அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் மூன்று பேர் சாப்பிடுகிறார்கள்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்கு ஆட்கள் கிளம்பினால் ஒன்றரை மணி நேரம் லைன் நிற்கும். சர்வரை நிறுத்த அதைவிட்டால் வேளை கிடையாது. இஃப்ரா உட்கார்ந்தாள். நான் அவள் பின்னால் நடந்துகொண்டே இருந்தேன்.

"இன்னாம்மா, ஆவுதா?"

"கொஞ்சம் உக்காருங்கண்ணா. பேஜாரா இருக்கு."

பழைய எல்லையை அழித்துவிட்டு, அது தொடங்கிய அதே இடத்திலிருந்து டிஸ்க்கின் கடைசி வரை புது எல்லை போட வேண்டுமாம். தொடக்க எண் தவறினால் அவ்வளவுதான். அதை உள்ளங்கையில் எழுதிவைத்து, மூன்று தடவை பார்த்துத்தான் தட்டினாள். பிறகு உள்ளே இடத்தை விரிக்கும் வேலை ஓடத் தொடங்கியது.

அந்த நேரம் பார்த்து கோபிநாத் வந்தார். திரையில் மேலே இருந்த 'டெலிட்டட்' என்ற ஒரு சொல்தான் அவர் கண்ணில் பட்டது.

"ஐயோ, எல்லாத்தையும் அழிச்சிட்டியா!" என்று சர்வர் சுவிட்சைப் பார்த்துப் பாய்ந்தார்.

"கைய எடுய்யா!"

கத்தியது இஃப்ராதான். யாரையும் அதட்டி அறியாத பெண். அவர் கை அப்படியே நின்றது.

நாலு நிமிடத்தில் வேலை முடிந்தது. சர்வரை மறுபடி ஓடவிட்டு ஒவ்வொரு வருடமாகத் திறந்து பார்த்தாள். எல்லாம் இருந்தது. நாற்பத்தொன்பது சதவீதம்தான் நிறைந்திருந்தது.

கோபிநாத் நெற்றியைத் துடைத்தார். "நான் சுவிட்ச அணைச்சிருந்தா?"

"எல்லாம் போனாலும் போயிருக்கும் சார்." அவள் உள்ளங்கை எண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்பவும் நீங்க என்னத்தான் வூட்டுக்கு அனுப்பியிருப்பீங்க."