கரை இல்லாத வேட்டி

எங்கள் விக்கிரமசிங்கபுரத்தில் வேட்டியின் கரையைப் பார்த்துத்தான் ஒருவர் என்ன கட்சி என்று சொல்வோம். அந்த நகராட்சித் தேர்தலில் எங்கள் வார்டில் நின்ற சுயேச்சை வேட்பாளரின் வேட்டியில் கரையே இல்லை. ஒல்லியான உடம்பு, பெரிய காது. கல்லூரியில் அரசியல் படித்தவன் என்ற திமிரில், கேட்காமலே அவருக்கு ஆலோசகனாகி, தெருத்தெருவாகக் கூட நடந்தேன். அந்தப் பாடத்தில் இரண்டு முறை தோற்றதை அவரிடம் சொல்லவில்லை.

மில் தொழிலாளி ஒருவர், "நீரு முதலாளி ஆளுல்லா?" என்றார். வேட்பாளர் கைகூப்பி, "சந்தோசம்" என்றார். அடுத்த தெருக் கடைக்காரர், "செங்கொடிக்காரரு வாராரு வே!" என்றார். அதற்கும் அதே கும்பிடு, அதே சந்தோசம்.

எனக்குப் பொறுக்கவில்லை. "இப்படியே போனா ஒரு ஓட்டும் விழாது அண்ணாச்சி. இல்லைன்னு சொல்லப்படாதா?"

"இல்லைன்னா, பின்ன நீரு யாருன்னு கேப்பாவல்லா? தெருக்குழாயில தண்ணி வரணும்னு நிக்கேன். அதுக்கு என்ன பேரு வே? நீரு படிச்சவரு, சொல்லும்."

இடதுசாரி, வலதுசாரி, நடுநிலை என்று தெரிந்ததையெல்லாம் மனதுக்குள் அவருக்கு உடுத்திப் பார்த்தேன். எதுவும் இடுப்பில் நிற்கவில்லை.

அவர் தோற்றார். அதுவரை அவரை எதிர்ப்பக்கத்து ஆள் என்றவர்களே, "நம்ம ஓட்டைப் பிரிச்சிட்டாரு" என்று இரண்டு பக்கமும் ஏசினார்கள். அதற்கும் அவர் கைகூப்பினார்.

இப்போதும் டீக்கடையில் என்னைக் கண்டால், "அந்த அண்ணாச்சி கட்சிக்காரன் வாரான்" என்கிறார்கள். அது என்ன கட்சி என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. "சந்தோசம்" என்று கும்பிட்டுவிட்டு டீயைக் குடிக்கிறேன்.