சமாதானத்துக்கு ஒத்திகை

எங்கள் ஊர்ச் சமாதானக் குழுவுக்கு என்னைத் தலைவராகப் போட்டதற்கு ஒரே காரணம், என்னிடம் நாற்காலிகள் இருந்தன. நான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன். சாலை விதிகளைச் சொல்லிக்கொடுக்க ஒரு கூடம், சுவரெல்லாம் 'வழி விடு', 'ஒலி எழுப்பாதே' என்று அட்டைகள், எதிரே பிளாஸ்டிக் நாற்காலிகள். ஆற்றின் இந்தக் கரையும் அந்தக் கரையும் வருஷக்கணக்கில் ஒருவர்மேல் ஒருவர் குண்டு போட்டு ஓய்ந்த பிறகு, இரண்டு கரைக்காரர்களும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசினால் தேவலை என்று சிலர் நினைத்தார்கள். உட்கார இடம் என்னிடம் இருந்தது. மற்றபடி எனக்கும் சமாதானத்துக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

என் தொண்டை ஊரறிந்தது. ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர் கிளச்சிலிருந்து காலை எடுப்பதற்குள் நான் கத்தி முடித்திருப்பேன். கற்றுக்கொடுக்கிற காரில் என் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. என் கால் அதன் மேலேயே குடியிருக்கும். குழுவிலும் அதே புத்திதான். யாராவது குரல் கம்மிப் பேச ஆரம்பித்தால், அழுதுவிடுவார்களோ, அடித்துக்கொள்வார்களோ என்று நினைத்து, "சரி சரி, டீ வந்தாச்சு" என்று எழுந்துவிடுவேன். எங்கள் குழுவில் போரைப் பற்றிப் பேசியதைவிட டீ குடித்ததுதான் அதிகம். அதற்கு நல்லிணக்கம் என்று பெயர் வைத்து, பக்கத்து ஊர்களுக்குப் போய்ப் பேச்சு வேறு பேசினேன்.

சொல்ல வந்தது என் கதை அல்ல, என் அக்காவின் கதை. முந்திரிக்கொட்டை மாதிரி நான் முன்னால் வந்து நிற்பது பழக்கதோஷம்.

அக்கா போருக்கு முன்னால் தோல் கைப்பை தைத்துக்கொண்டிருந்தாள். போர் வந்தபின் கைப்பை வாங்க ஆளில்லை. ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம் செயற்கைக் கால் செய்கிற பட்டறை திறந்தார்கள். காலைத் தொடையோடு பிடித்து நிறுத்தும் தோல் வாரைத் தைக்கிற வேலைக்கு அவளை எடுத்துக்கொண்டார்கள். இந்தக் கரைக் கால், அந்தக் கரைக் கால் என்று கண்ணிவெடி பார்க்கவில்லை, அக்காவும் பார்க்கவில்லை. தைத்து மாட்டிவிட்டு, "நடங்க, பாப்போம்" என்பாள். வலிக்கிறது என்றால் பிரித்து மறுபடி தைப்பாள். அவ்வளவுதான் பேச்சு.

அவளுக்கு ஒரே மகன். அப்போதுதான் மீசை முளைத்திருந்தது. போர் முடியப்போகிறது என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த சமயத்தில், பஸ்ஸுக்குக் காத்து நின்றவனை அந்தக் கரையிலிருந்து வந்த பீரங்கிக் குண்டு கொண்டுபோய்விட்டது. அதற்குப் பிறகு அவனைப் பற்றி அவள் வாய் திறந்ததே இல்லை. நானும் கேட்டதில்லை. கேட்டால் அழுவாள், அழுதால் நான் என்ன செய்வேன்? குழுக் கூட்டத்துக்கு வாரம் தவறாமல் வருவாள், கடைசி நாற்காலியில் உட்காருவாள், எழுந்து போய்விடுவாள்.

இப்படி இருக்கும்போது, வெளியூரிலிருந்து பெரிய மனிதர்கள் எங்கள் குழுவைப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே ஒரு திட்டம் போட்டேன். அந்தக் கரையிலிருந்து வருகிறவர்களில் ஒருவர், பீரங்கிப் படையில் இருந்து, கண்ணிவெடியில் ஒரு காலை இழந்தவர். பட்டாளம் என்றுதான் கூப்பிடுவோம். மகனைப் பறிகொடுத்த அக்காவும் பட்டாளமும் மேடையில் சந்திக்க வேண்டும். "உங்களை மன்னித்துவிட்டேன்" என்று அக்கா சொல்ல வேண்டும். இருவரும் கைகுலுக்க, கூடமே கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டும்.

"அக்கா, நீ பேசியே ஆகணும். நீ பேசலேன்னா, இந்தக் குழுவால என்ன பிரயோஜனம்னு அந்தக் கரைக்காரங்க வர்றத நிறுத்திடுவாங்க" என்று அவள் தலையில் பாரத்தை ஏற்றினேன்.

"பேசித்தான் ஆகணுமா?"

"ஆகணும்."

ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, "சரி" என்றாள்.

அவர்கள் வருவதற்கு முதல் நாள் சாயங்காலம் ஒத்திகை. பட்டாளத்தையும் வரவழைத்து மேடையில் உட்காரவைத்தேன். லைசென்ஸ் பரீட்சைக்கு ஆள் தயார் செய்கிறவனுக்கு ஒத்திகை இல்லாமல் ஒன்றும் ஓடாது.

"அந்த ஓரத்துலேர்ந்து வா அக்கா. தயங்கித் தயங்கி வா. இவர இப்பத்தான் நீ முதல்முறையா கிட்டக்கப் பாக்குற."

"இப்பத்தானா?" என்றாள் அக்கா.

"கேள்வி கேக்காத. நட."

நடந்து வந்தாள். பட்டாளத்தின் எதிரே நின்று, அவர் முகத்தைப் பார்க்காமல் முழங்காலைப் பார்த்தாள். "மறுபடியும் வார் தளந்து கெடக்கே. வந்து தச்சிக்கிட்டுப் போங்கன்னு சொன்னேனா இல்லியா?"

"வேல ஓயலக்கா. அடுத்த வாரம் கட்டாயம் வர்றேன்" என்று பட்டாளம் தலையைச் சொறிந்தார்.

நான் பேந்தப் பேந்த விழித்தேன். பல வருஷமாக அவர் காலுக்கு வார் தைப்பதே என் அக்காதானாம். குழுவில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. இரண்டு கரையையும் ஒட்டவைக்கக் கிளம்பிய தலைவருக்கு மட்டும் தெரியாது.

அவளைத் தனியாக இழுத்துப் போனேன். "அவரு பீரங்கிப் படையில இருந்தவருன்னு உனக்குத் தெரியுமா?"

"மொத நாளே அவரே சொன்னாரு. அன்னிக்கு என்னால தைக்க முடியல. போட்டது போட்டபடி வீட்டுக்கு வந்துட்டேன். மறுநாள் போய்த் தச்சுக் குடுத்தேன்."

"ஏன்?"

"அந்த ஆளு நடக்கணும்ல?"

புத்தியுள்ள எவனும் அந்த இடத்தில் உட்கார்ந்து மேலே கேட்டிருப்பான். நானோ, "சரி சரி, இதெல்லாம் நாளைக்கு மேடையில சொல்லித் தொலைக்காத. சந்திப்பே கெட்டுப்போயிடும்" என்றேன்.

மறுநாள் கூடம் நிரம்பி வழிந்தது. வரவேற்புரை என்ற பெயரில் எல்லார் பொறுமையையும் நான் சோதித்து முடித்ததும், அக்கா மேடை ஏறினாள். பட்டாளம் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தார். அக்கா தயங்கவில்லை. நேராக மைக்கைப் பிடித்தாள்.

"இவர மன்னிச்சிட்டேன்னு சொல்லச் சொன்னான் என் தம்பி. அது எனக்கு இன்னும் வரல. வந்தா சொல்றேன்."

நான் பெரிய மனிதர்கள் பக்கம் திரும்பிப் பல்லைக் காட்டினேன்.

"என் பையன் கார் ஓட்டக் கத்துக்க இவன்கிட்ட போனான். ஒரே நாள்தான் போனான். வீட்டுக்கு வந்து என்ன செஞ்சான் தெரியுமா?"

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கன்னத்தை உப்பினாள். காலைத் தரையில் ஓங்கி மிதித்தாள். பிறகு அவள் வாயிலிருந்து என் குரல் வந்தது.

"டேய், கிளச்சு! கிளச்சுடா! கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? எருமைய இடிச்சா எருமைக்கு ஒண்ணும் ஆகாதுடா, என் காருதான்டா போகும்!"

அசல் நான். மிதித்த வேகத்தில் என் தலை முன்கண்ணாடியில் முட்டிக்கொள்வதைக்கூட விடவில்லை. முதலில் வெடித்துச் சிரித்தது பட்டாளம்தான். அடுத்த நொடி, எதற்காகச் சிரித்தோம், யார் மகனுக்காகச் சிரித்தோம் என்று உறைத்து, வாயைப் பொத்திக்கொண்டார். அவர் முகம் செத்துவிட்டது.

"சிரிங்க" என்றாள் அக்கா. "சிரிக்கத்தான் சொன்னேன். அவன் செத்தது எல்லாருக்கும் தெரியும். அவன் இப்படிப்பட்டவன்னு யாருக்குத் தெரியும்?"

பேச்சை வெட்டிவிட வேண்டும் என்று நான் பாதி எழுந்துவிட்டேன். அதற்குள் பட்டாளம் வாயிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கேட்டார்.

"அப்புறம் என்ன சொன்னான்க்கா?"

இத்தனை வருஷத்தில் நான் ஒருநாளும் கேட்காத கேள்வி. அக்கா நாற்காலியை அவர் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"ஏன்டா, மாமா இப்படிக் கத்துறாரேன்னு உனக்குக் கோபமே வரலியான்னு கேட்டேன். இல்லம்மா, அது கோபத்துல கத்துறது இல்ல, எனக்கு எதாவது ஆயிடப்போகுதுன்னு மாமாவுக்குப் பயம்னான்."

ஊரில் ஒருவருக்கும் தெரியாத என்னை அந்தப் பயல் ஒரே நாளில் பார்த்துவிட்டுப் போயிருக்கிறான். பெரிய மனிதர்கள் எதிரே, மூக்கு ஒழுக, நான் அழுதேன். சத்தமாகத்தான் அழுதேன், எனக்கு வேறு மாதிரி வராது. அக்கா நான் ஓயும்வரை காத்திருந்தாள். பிறகு பட்டாளத்திடம் அவனைப் பற்றி மேலே சொல்ல ஆரம்பித்தாள்.