பட்டியலில் இல்லாத பதினோரு பேர்

அந்தச் சலவை ஆலையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வெடுக்கக்கா என்றால்தான் தெரியும். எதைக் கேட்டாலும் வெடுக்கென்று பதில் வரும் என்பதால் யாரோ வைத்த பட்டம். மேலாளர்கூட அவள் காதில் விழாத தூரத்தில் அப்படித்தான் சொல்வார்.

ஐம்பத்தொரு வயது. பத்தொன்பது வருஷமாக உருளை இயந்திரத்தில் வேலை. ஆஸ்பத்திரிகளிலிருந்தும் தங்கும் விடுதிகளிலிருந்தும் வந்து, துவைத்துப் பிழிந்த படுக்கை விரிப்புகளை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, உதறி, சூடான உருளைக்குள் நுழைக்க வேண்டும். மறுமுனையைப் பிடிப்பவள் அவளுடைய நாத்தனார், கணவரின் தங்கை. ஒரே வீட்டில் மாடியும் கீழுமாகக் குடியிருந்தார்கள். ஒரு அலமாரியை எந்தச் சுவரோரம் வைப்பது என்பதில் வாய்த்தகராறு முற்றி, இருவருக்கும் பேச்சு நின்று நாலு மாதம் ஆகியிருந்தது. ஆலையில் மட்டும் "பிடி", "இழு", "விடு" என்று மூன்று வார்த்தை உண்டு. அதுவும் துணியைப் பார்த்துத்தான்.

அப்படிப்பட்ட நாட்களில்தான் சுகாதாரத் துறை வண்டி வந்து முகப்பு வாசலில் நின்றது. கருப்பை வாய்ப் புற்றுநோய் வருவதற்கு முன்பே அறிகுறியைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை. காலை பத்திலிருந்து ஒரு மணி வரை, மூன்று நாள், இலவசம். மூன்று நாளில் அந்த வண்டிக்குள் ஏறியது ஒரே ஒருத்தி. அவளும் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருப்பவள்.

மூன்றாம் நாள் வண்டியோடு வந்த, பதிவு எடுக்கும் பெண் உருளைக்கூடத்துக்கே வந்து, மேற்பார்வையாளர் மேசையில் படிவத்தை வைத்து எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். டோக்கன் வாங்கிக்கொண்டு ஒதுங்கப் போன வெடுக்கக்காவின் கண்ணில் அது பட்டது. 'எளிதில் அணுக முடியாத பிரிவினர். ஒத்துழைப்பு இல்லை.'

அவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

"ஏம்மா, அணுக முடியாத பிரிவுன்னு போட்டிருக்கியே, அது யாரு?"

பெண் தடுமாறினாள். "படிவத்துல அப்படித்தான்க்கா அச்சடிச்சிருக்கும். உங்கள மாதிரி வேலைக்குப் போறவங்க..."

"நான் காலையில ஆறு மணிக்கு இந்த மெஷின் முன்னாடி வந்து நிப்பேன். ரெண்டு மணி வரைக்கும் அசைய மாட்டேன். பத்தொன்பது வருஷமா இதே இடம். என்னைவிட லேசா கண்டுபிடிக்கக்கூடிய ஆளு இந்த ஊர்லயே கிடையாது. நீ பத்து மணிக்கு வண்டிய நிறுத்துற. அந்த நேரத்துல நான் முனைய விட்டா துணி உருளையில சுருட்டிக்கிட்டுக் கருகும். ஒண்ணுக்குப் போக ஏழு நிமிஷம், அதுக்கும் டோக்கன். உன் வண்டியில ஏறி இறங்க எவ்வளவு நேரம்?"

"இருபது நிமிஷம்க்கா."

"அப்போ யாரு யாரை அணுக முடியல?"

மேற்பார்வையாளர் தொண்டையைச் செருமினார். அவளுடைய ஏழு நிமிஷமும் தீர்ந்திருந்தது. ஒதுங்கவும் போகாமல், அடக்கிக்கொண்டு திரும்பிப்போய் முனையைப் பிடித்தாள்.

அந்தப் பெண் அதோடு போயிருந்தால் கதையே இல்லை. இரண்டு மணிக்குக் கூடம் காலியானபோது அவள் பின்முற்றத்தில் ஒரு துணிக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். "சரிக்கா. எப்படி வந்தா வருவீங்கன்னு நீங்களே சொல்லுங்க" என்றாள்.

பத்தொன்பது வருஷத்தில் அந்த வளாகத்துக்குள் யாரும் கேட்காத கேள்வி. வெடுக்கக்கா விரலை மடக்கிச் சொல்லத் தொடங்கினாள். ரெண்டு மணிக்கு மேல் வரணும். முகப்பு வாசல் வேண்டாம், அங்கே காவலாளி யார் ஏறுகிறார்கள் என்று எட்டி எட்டிப் பார்க்கிறான். ஒலிபெருக்கியில் பெயரைக் கூப்பிடக் கூடாது. அப்படியே சொல்லிக்கொண்டு போனவள், சொல்ல நினைக்காத ஒன்றையும் சொல்லிவிட்டாள்.

மகள் பிறந்து மூன்றாம் மாதம் ரத்தப்போக்கு என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். கட்டிலில் படுக்க வைத்து, காலை அகட்டச் சொல்லி, மருத்துவர் ஆறு மாணவர்களைக் கூப்பிட்டு வரிசையாக நிறுத்தினார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வலியில் கத்தியபோது, "பெத்தவதானே, இதுக்கு என்ன கத்தல்" என்றார். ஆறு பேரில் ஒருவன் சிரித்தான். அன்றைக்கு எழுந்து வந்தவள், இருபத்திரண்டு வருஷமாக அந்த மாதிரிக் கட்டிலில் ஏறவில்லை.

"ஏறவும் மாட்டேன்" என்றாள். "செத்தாலும் சரி."

பதிவுக்காரப் பெண் பையைத் திறந்து, ஒரு நீளமான பஞ்சுக் குச்சியையும் மூடி போட்ட சின்னக் குழாயையும் எடுத்துக் காட்டினாள். "இது நாமளே எடுத்துக்கிறது. கதவைச் சாத்திக்கிட்டு, உள்ள விட்டு, அஞ்சு சுத்து சுத்தி, குழாயில போட்டு மூடிடணும். கட்டில் வேண்டாம், டாக்டர் வேண்டாம்."

"இதை வச்சுக்கிட்டா மூணு நாளா வண்டிய நிறுத்தி வச்சிருந்தே?"

"தொலைதூர ஊர்களுக்கு மட்டும்தான் கொடுக்கச் சொல்லியிருக்காங்கக்கா."

"எங்க கழிப்பறைக்கு ஒரு தடவை நடந்து பாரு. அதைவிடத் தொலைதூரம் எங்கேயும் கிடையாது."

அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். மறுநாள் தன் மேலதிகாரியிடம் சண்டை போட்டு ஒரு பெட்டி குச்சி வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். வாங்கியும் வந்தாள்.

ஆனால் ஆலை வளாகத்துக்குள் வைத்துக் கொடுக்க மேலாளரின் அனுமதி வேண்டும். வெடுக்கக்கா நேராக அவர் அறைக்குள் போனாள்.

"உற்பத்தி பாதிக்கும்மா."

"ரெண்டு மணிக்கு மேல எங்க நேரம் சார். அதுல என்ன உற்பத்தி?"

"நாளைக்கு யாருக்காவது ஏதாவதுன்னா ஆலை மேலதான் பழி வரும்."

"ஏற்கெனவே ஏதாவது ஆகியிருந்தா அது தெரிய வேண்டாமா?"

சுகாதாரத் துறையிலிருந்து கடிதம் வந்த பிறகுதான் மேலாளர் அனுமதி கொடுத்தார். கொடுத்த கையோடு, அடுத்த திங்களிலிருந்து அவளைப் பிரிப்பறைக்கு மாற்றினார். "அங்க ஆள் குறையுது" என்றார். அங்கே ஆள் குறையவில்லை என்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

பிரிப்பறை ஆலையின் பின்கோடியில் இருந்தது. வந்து இறங்கும் அழுக்கு மூட்டைகளை அவிழ்த்து, ரத்தம் தோய்ந்தது, மலம் பட்டது, வாந்தி பட்டது என்று கையால் பிரித்துப் போடும் இடம். ஊசி கிடக்கும், உடைந்த கண்ணாடி கிடக்கும். ஜன்னல் கிடையாது. அங்கே வேலை பார்த்த பதினோரு பெண்களும் ஒப்பந்தக்காரரின் ஆட்கள். வேறு வாசல் வழியாக வந்து வேறு வாசல் வழியாகப் போவார்கள். பத்தொன்பது வருஷத்தில் வெடுக்கக்கா அவர்களில் ஒருத்தியின் முகத்தைக்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. முதல் நாளே அது அவளுக்கு உறைத்தது. குனிந்து அவர்களோடு மூட்டை அவிழ்த்தாள்.

மதியம் ரெண்டு மணிக்குப் பின்முற்றத்தில் பெட்டி திறந்தது. உருளைக்கூடப் பெண்கள் வந்தார்கள், கூச்சத்தோடு, ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு. வெடுக்கக்காதான் முதலில் குச்சியை வாங்கிக்கொண்டு போனாள். நாலு நிமிஷத்தில் வெளியே வந்து குழாயைப் பெட்டியில் வைத்து, "காதுல எண்ணெய் விடறதைவிட லேசு" என்றாள். முப்பத்தெட்டுப் பேரில் முப்பத்தொரு பேர் அன்று எடுத்தார்கள்.

நாத்தனார் எடுக்கவில்லை. விறைப்பாகப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சாயங்காலம் கீழே வெடுக்கக்கா வீட்டுக் கதவு தட்டப்பட்டது. அவள்தான்.

"அண்ணி, புதுசா ஒருத்திய எனக்கு எதிர்ல நிறுத்தியிருக்காங்க. முனையப் பிடிக்கவே தெரியல. இன்னிக்கு நாலு விரிப்பு கருகிப்போச்சு."

"அதுக்கு நான் என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம், சொன்னேன்." காலால் நிலைப்படியைத் தேய்த்தாள். "அந்தக் குச்சிய எந்தப் பக்கமாப் பிடிக்கணும்?"

வெடுக்கக்கா கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். அலமாரியைப் பற்றி இருவரும் எதுவும் பேசவில்லை.

மறுநாள் நாத்தனாரும் பெட்டியில் ஒரு குழாயை வைத்தாள். வெடுக்கக்கா பதிவுக்காரப் பெண்ணிடம் கேட்டாள், பிரிப்பறைக்கு எப்போது என்று. பெண் பட்டியலைப் புரட்டினாள். பிரிப்பறை என்று ஒன்றே அதில் இல்லை. ஆலை கொடுத்த பட்டியலில் நிரந்தர ஊழியர்கள் மட்டும். மேலாளரைக் கேட்டால் ஒப்பந்தக்காரரைக் கேள் என்றார். ஒப்பந்தக்காரர், தன் ஆட்கள் ஆலைக்குள் இருக்கும்போது ஆலையின் பொறுப்பு என்றார்.

"நான் எழுதுறேன்" என்றாள் வெடுக்கக்கா. ஒரு அட்டைப்பெட்டி மூடியைக் கிழித்து, ஒவ்வொருத்தியிடமும் போய்ப் பெயர், வயசு கேட்டு எழுதினாள். பெயர் சொல்ல ஐந்து பேர் பயந்தார்கள். வேலை போய்விடும் என்று ஒருத்தி, ஆள் யாரென்று தெரிந்தால் பழைய ஊரிலிருந்து தேடி வருவார்கள் என்று ஒருத்தி. "பேர் வேண்டாம், எல்லாருக்கும் எண் போட்டுக்கலாம்" என்று பதிவுக்காரப் பெண் வழி சொன்னாள். ஒன்பது பேர் எடுத்தார்கள். ஒருத்தி கடைசிவரை மாட்டேன் என்றாள். ஏன் என்று வெடுக்கக்கா ஒரு தடவை கேட்டாள், பதில் வராததால் விட்டுவிட்டாள். இன்னொருத்தி இன்னும் யோசிக்கிறேன் என்றாள்.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. வெடுக்கக்காவுக்கும் நாத்தனாருக்கும் ஒன்றுமில்லை. பிரிப்பறையில் ஏழாம் எண்ணுக்கு மட்டும் வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லி இருந்தது. ஏழாம் எண், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஜோடி கையுறை போடுவதால் கையுறைக்காரி என்று அழைக்கப்பட்டவள். முப்பத்தாறு வயது, வீட்டில் படுத்த படுக்கையாக மாமியார். ஊசி குத்திவிடும் என்று அவ்வளவு பயந்து வேலை பார்த்தவள், முடிவைக் கேட்டதும் இரண்டு கையுறைகளையும் கழற்றிப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் போகலக்கா. லீவு கேட்டா நாளைக்கே வேற ஆளைக் கொண்டு வந்துடுவாரு."

"கொண்டு வரட்டும், நான் பாத்துக்கிறேன்."

"நீங்க என்னத்தப் பாப்பீங்க? உங்களையே இங்க தள்ளியிருக்காங்க."

இருந்தாலும் வியாழக்கிழமை காலை, ஆலைப் பக்கமே போகாமல், வெடுக்கக்கா அவள் வீட்டு வாசலில் போய் நின்றாள். மாமியாருக்கு வெடுக்கக்காவின் நாத்தனார் துணை. அவளும் அன்று வேலைக்குப் போகவில்லை.

ஆஸ்பத்திரியில் மறுபடி அதே மாதிரிக் கட்டில். கையுறைக்காரி வெடுக்கக்காவின் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. வெளியே இருங்கள் என்று செவிலி சொன்னபோது வெடுக்கக்கா நகரவில்லை. "இவ போகச் சொன்னா போறேன்." கையுறைக்காரி தலையை ஆட்டினாள், போக வேண்டாம் என்று. வந்த மருத்துவர் பெண். பின்னால் இரண்டு மாணவிகள்.

"டாக்டர், அவங்க எதுக்கு?"

"கத்துக்கறதுக்கும்மா."

"கத்துக்கட்டும். ஆனா படுத்திருக்கிறவகிட்ட முதல்ல கேளுங்க."

மருத்துவரின் முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு கையுறைக்காரி பக்கம் திரும்பிக் கேட்டார். அவள் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மருத்துவரிடம் "வேண்டாம்" என்றாள். மாணவிகள் திரை தாண்டிப் போனார்கள். வெடுக்கக்காவுக்குக் கண் கலங்கியது. அதற்குப் பிறகு பேசியதில் பாதி அவள் காதில் விழவில்லை.

புற்றுநோய் இல்லை. நாளடைவில் புற்றுநோயாகக்கூடிய மாற்றம் தொடங்கியிருந்தது. அன்றைக்கே சூட்டுக் கருவியால் அந்த இடத்தைப் பொசுக்கினார்கள், கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஒரு வருஷம் கழித்துத் திரும்ப வந்து பார்க்க வேண்டும் என்றார்கள். "விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்று கையுறைக்காரி கேட்டாள். மருத்துவர் மழுப்பாமல் சொன்னார். பஸ்ஸில் திரும்பும்போது அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். பிறகு பசிக்கிறது என்றாள்.

ஒப்பந்தக்காரர் கையுறைக்காரியை வேலையிலிருந்து நிறுத்தப் பார்த்தார். வெள்ளிக்கிழமை காலை பிரிப்பறையில் ஒரு மூட்டைகூட அவிழவில்லை. வெடுக்கக்காவும் மற்றப் பத்துப் பெண்களும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள், பரிசோதனையே வேண்டாம் என்றவளும் சேர்த்து. வாசலில் மூட்டைகள் மலையாகக் குவிந்து நாறத் தொடங்கிய பிறகு, பதினோராவது ஆளான கையுறைக்காரியை உள்ளே விட்டார்கள்.

அடுத்த சுற்றுக்கான பட்டியலில் பிரிப்பறையும் இருந்தது, பதினோரு எண்களோடு. யோசிக்கிறேன் என்றவளும் எடுத்தாள். வெடுக்கக்காவை உருளைக்குத் திரும்பி வரச் சொல்லி மேலாளர் ஆள் அனுப்பினார். நாத்தனார் எதிரில் நின்ற புது ஆள் எரித்த விரிப்புகள் அவரை அந்த நிலைக்குக் கொண்டுவந்திருந்தன. பிரிப்பறைக்கு ஒரு ஜன்னல் வையுங்கள், வருகிறேன் என்று சொல்லி அனுப்பினாள். இன்னும் வைக்கவில்லை. அவளும் போகவில்லை.

அந்த வெள்ளிக்கிழமைக்காக அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று தயாராயிற்று. 'பிற ஊழியர்களைத் தூண்டிவிட்டதற்காக வருந்துகிறேன்' என்று அதன் அடியில் அவள் ஒப்புக்கொள்ள ஒரு வரி. கையெழுத்துக்காக மேற்பார்வையாளர் மூன்று முறை கொண்டுவந்தார்.

"போட்டுட்டு வேலையப் பாரும்மா. யாரு படிக்கப் போறாங்க?"

"நான் படிச்சுட்டேனே. வருத்தம்னு போட்டிருக்கு. எனக்கு வருத்தம் இல்ல."

மூட்டையின் முடிச்சை அவிழ்க்கக் குனிந்தாள். மேற்பார்வையாளர் நீட்டிய பேனாவுக்கு மூடியைப் போட்டுக்கொண்டு போனார்.