வீடியோ காலில் பார்த்த மூட்டம்

போன ஞாயிற்றுக்கிழமை, குளத்தூர் பக்கம் இருக்கும் தங்கச்சி செல்வி வீட்டுக்குப் போயிருந்தேன். வரப்பில் நின்று மொபைலை வானத்துக்குத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள். வீடியோ கால். எதிர்முனையில் அவள் கணவர் ராசு, குவைத்தில் டிரைவர்.

“அங்கிட்டுக் காட்டு… நல்லா மூட்டம் போட்டிருக்கு. ரெண்டு நாள்ல வந்துரும், பாரு.”

குவைத்தில் இருந்துகொண்டு குளத்தூருக்கு வானிலை சொல்கிற ஒரே ஆள் எங்கள் மாப்பிள்ளைதான்!

இப்படிப் பார்த்துத்தான் புரட்டாசியில் புழுதி விதைப்பும் போடச் சொன்னார். காய்ந்த மண்ணை உழுது நெல்லை விதைத்துவிட்டு, மழைக்குக் காத்திருப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஒரு தூறல் விழுந்தது, முளைத்தது. அப்புறம்? தினமும் சாம்பல் வானம்… சொட்டுத் தண்ணீர் இல்லை. பயிர் கருகத் தொடங்கிவிட்டது.

அது மழை மூட்டமே இல்லை. கல் உடைக்கிற கிரஷர் தூசி, லாரிப் புகை, குப்பை எரித்த புகை.

மழைத்துளி உருவாகத் தூசி வேண்டும்தான். ஆனால் அளவுக்கு மிஞ்சினால்? ஒரு ஏக்கரைப் பத்துப் பங்காளிகள் பிரித்த கதை. மேகத்தின் ஈரத்தைப் பொடித்துளிகள் பங்கு போட்டுக்கொள்ளும். பல நேரம் எதற்குமே கீழே விழுகிற கனம் வராது. போதாக்குறைக்குப் புகை வெயிலை மறைப்பதால், தண்ணீர் ஆவியாகி மேலே போவதும் குறைகிறது. நிழல் உண்டு, மழை இல்லை. நாமோ நிழலைப் பார்த்து விதைக்கிறோம்.

கால் முடிந்ததும் கேட்டேன். “மாப்ளகிட்ட சொல்ல வேண்டியதுதானே?”

“எப்படிண்ணே சொல்றது? அங்க வெறும் மணலு. இந்த வானத்தப் பாத்துட்டுத்தான் அவுக வேலைக்கே கெளம்புறாக.”

அதனால் வயல் பக்கம் கேமராவைத் திருப்பவே இல்லை அவள்.

சாயங்காலம் ராசு மறுபடி கூப்பிட்டார். “செல்வி, பயிரக் காட்டு.”

அவள் என்னைப் பார்த்தாள். மெதுவாகப் போனைத் தாழ்த்தினாள். நுனி சுருண்ட பயிர், அதன் மேல் வெள்ளைப் பொடி.

செல்வி இருமினாள்.

“இந்த இருமல் எத்தன நாளா இருக்கு?”

“அது கெடக்குதுங்க. பயிரு…”

“பயிர விடு. அடுத்த மழைக்குப் பாத்துக்கலாம். மச்சான், நாளைக்கே இவள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.”

போனோம். டாக்டர் பார்த்து முடிக்கும்வரை, வேலைக்குப் போகாமல் லைனிலேயே இருந்தார் மனிதர்.

மழை இன்னும் வரவில்லை. எக்ஸ்ரே நல்லபடியாக வந்துவிட்டது… இந்த வருஷ வெள்ளாமை எங்களுக்கு அதுதான்.