யன்னலைச் சாத்திவிட்டு வாசித்த தமிழ்

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. பஸ்ஸில் தமிழ் கதைக்கப்படாது. அதைப் போட்டவள் நான்தான். யுத்த காலத்துக் கொழும்பில், வெள்ளவத்தையில் இப்படிச் சட்டம் போடாத தமிழ்த் தாய்மார் குறைவு. ஆகவே இதைப் பெரிய பாவமாகச் சொல்ல வரவில்லை. கேற்றைத் தாண்டினால் வாயை மூடு, இல்லாவிட்டால் சிங்களத்தில் கதை. மகளுக்கு அப்போது எட்டு வயது. சொன்னதைச் சொன்னபடி கேட்கிற பிள்ளை. அதுதான் பிறகு வினையாகப் போனது.

சட்டம் போட்டவளுக்கே சிங்களம் சரியாக வராது என்பதுதான் வேடிக்கை. கடைக்காரரிடம் விலை கேட்கவும், சோதனைச் சாவடியில் விலாசம் சொல்லவும் போதுமான அளவு என்னிடம் இருந்தது, அவ்வளவுதான். மகள் படித்ததோ தமிழ் மொழி மூலம். அதனால் சனிக்கிழமைகளில், காலி வீதியில் மூன்று பஸ் தரிப்புத் தள்ளியிருந்த நூலகத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போவேன். வாசலில் பையைத் திறந்து காட்டிவிட்டு உள்ளே போகவேண்டும். சிறுவர் பகுதியில் ஒரு பிள்ளைக்கு இரண்டு புத்தகம் தருவார்கள். ஒன்று சிங்களம், ஒன்று தமிழ் என்பது எனது இரண்டாவது சட்டம்.

சிங்களப் புத்தகத்தை இருவரும் சேர்ந்தே படித்தோம். பெரிய எழுத்தில் பக்கத்துக்கு ஒரு வரி. குரங்கு வாழைப்பழம் தின்றது என்பதை நான் விரல் வைத்து எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் அவள் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுவாள். எனக்கு எரிச்சல் வரும். ஒரு வருடத்தில், எங்கள் மாடி வீட்டுக்குக் கீழே இருந்த சின்னத் தெருவில், அந்த ஒழுங்கையில், சிங்களப் பிள்ளைகளோடு சண்டை பிடிக்கிற அளவுக்குத் தேறிவிட்டாள். சண்டை பிடிக்க வந்துவிட்டால் அந்த மொழியும் வந்துவிட்டது என்றுதான் அர்த்தம். நான் குரங்கோடுதான் நின்றேன்.

சிக்கல் தமிழ்ப் புத்தகத்தில் இருந்தது. பிழையில்லாமல் வாசிப்பாள், ஆனால் குரல் வெளியே வராது. சிங்களம் என்றால் தொண்டை கிழியக் கத்துகிறவள் தமிழ் என்றவுடன் குசுகுசுப்பாள், வீட்டுக்குள்ளேயும். வகுப்பு ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, "பிள்ளைக்குத் தொண்டையில ஏதும் வருத்தமோ? டொக்டரிட்டக் காட்டினனீங்களோ?" என்று கேட்டார். வருத்தம் எங்கே என்று எனக்குத் தெரியும். இப்படியே போனால் அந்தக் குசுகுசுப்பும் ஒரு நாள் நின்றுவிடும், மிச்ச வாழ்க்கை முழுக்க என் பிள்ளையோடு குரங்கையும் வாழைப்பழத்தையும் வைத்துத்தான் நான் கதைக்கவேண்டி வரும் என்று பயந்தேன்.

ஆகவே ஒவ்வொரு பின்னேரமும் வாசிக்க வைத்தேன். முதலில் எழும்பிப் போய் ஒழுங்கைப் பக்கத்து யன்னலைச் சாத்துவேன். பிறகு வந்து கதிரையில் அமர்ந்து, "சத்தமா வாசியுங்கோ, பிள்ளை" என்பேன். வியர்த்து வழியும். இந்த இரண்டு காரியமும் ஒன்றுக்கொன்று பொருந்தாது என்பது அந்த நாட்களில் என் மண்டையில் ஏறவில்லை.

சிறுவர் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் ஒரு சிங்களப் பெண்மணி. தமிழ் ஒரு சொல்லும் தெரியாது, ஆனால் தமிழ்ப் புத்தகங்களை அட்டைப் படத்தை வைத்தே அடையாளம் கண்டு அடுக்குவார். ஒரு சனிக்கிழமை, வந்திருந்த பிள்ளைகளையெல்லாம் பாயில் இருத்தி, ஆளுக்கொரு பக்கம் உரத்து வாசிக்கச் சொன்னார். பிடித்த புத்தகம், பிடித்த மொழி. ஐந்தாறு பிள்ளைகள் சிங்களத்தில் வாசித்தார்கள். என் மகள் எழும்பி, மின்கம்பத்தில் கூடு கட்டிய காகத்தின் கதையைத் தமிழில் தொடங்கினாள்.

உரத்து வாசித்தாள். ஒழுங்கையில் சண்டை பிடிக்கிற அதே குரல். அந்தக் குரலில் தமிழை நான் அன்றைக்குத்தான் முதல்முதல் கேட்டேன். சந்தோஷப்பட எனக்கு ஒரு கணம்தான் கிடைத்தது. அந்தப் பக்கம் பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்த ஒரு மனிதர் தலையை நிமிர்த்தினார். என் விரல் தானாக உதட்டுக்குப் போனது.

மகள் பாதி வரியில் நிறுத்திவிட்டாள்.

"ஐ துவே, நெவத்துவே?" ஏன் மகளே நிறுத்தினாய் என்று நூலகப் பெண்மணி கேட்டார்.

"அம்மா எபா கிவ்வா" என்றாள் மகள். அம்மா வேண்டாம் என்று சொன்னார். இந்தளவு சிங்களம் எனக்கு விளங்கும்.

அந்தப் பெண்மணி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, விளங்காமல்தான் பார்த்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. "வாசியுங்கோ பிள்ளை, ஒண்டுமில்லை" என்றேன். மகள் புத்தகத்தை மூடிக்கொண்டு பாயில் இருந்துவிட்டாள். பத்திரிகை பார்த்த மனிதர் எப்போதோ தன் பத்திரிகைக்குத் திரும்பியிருந்தார். அவர் யார், எந்த மொழிக்காரர் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. சத்தம் கேட்டால் எவரும் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

காகத்தின் கதையை இரவல் எடுத்துக்கொண்டு வந்தோம். பஸ்ஸில் இருவரும் வாய் திறக்கவில்லை. சட்டம் சட்டம்தானே.

அன்று பின்னேரம், "மிச்சக் கதையை வாசிப்பமோ?" என்று கேட்டேன். மகள் தலையாட்டினாள். புத்தகத்தைக் கதிரையில் வைத்துவிட்டு எழும்பிப் போனாள். ஒழுங்கைப் பக்கத்து யன்னலைச் சாத்தினாள். எட்டாத கொண்டியை நுனிக்காலில் நின்று தள்ளிப் பூட்டினாள். இழுத்துப் பார்த்து, பூட்டியிருக்கிறது என்று நிச்சயப்படுத்திக்கொண்டாள். நான் செய்கிற ஒவ்வொன்றையும் அச்சொட்டாகச் செய்தாள். திரும்பி வந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டு, "இனி வாசிக்கலாம்" என்று எனக்குச் சொன்னாள், குசுகுசுப்பாக.

எனக்கு அழுகை வந்தது. எழும்பிப் போய் யன்னலைத் திறந்தேன்.

"அம்மா, திறந்து கிடக்குது" என்றாள்.

"ஓம். கிடக்கட்டும். வாசியுங்கோ."

அவள் யன்னலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். காகம் கம்பத்தில் ஏறுகிற இடத்தில் தொடங்கினாள். முதல் வரி எனக்கே கேட்கவில்லை. இரண்டாவது பக்கத்தில் குரல் கொஞ்சம் ஏறியது. கீழே ஒழுங்கையில் பாண்காரர் சைக்கிளை நிறுத்தி யாருக்கோ பாண் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் மேலே பார்க்கவில்லை. கதை முடியும்வரை நான் யன்னலடியில்தான் நின்றேன், ஒரு கை கொண்டியில்.