பெட்டி தின்ற முகம்

தெருவில் போகிறவனுக்குத் தெரியாமல் படம் பிடிப்பதுதான் திறமை என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஜேப்படிக்காரனுக்கும் அந்தத் திறமை உண்டு.

முப்பதுகளில் நான் புதுச்சேரியில் ஒரு போட்டோக் கடையில் வேலை பார்த்தேன். கப்பலில் வந்து இறங்கும் வெள்ளைக்காரர்களுக்கு ஊர்க் காட்சி கார்டு விற்பது முதலாளியின் வியாபாரம். கைக்கேமராவைக் கொடுத்து என்னைத் தெருவுக்கு அனுப்புவார். "ஒன்ன யாரும் பாக்கக் கூடாதுய்யா. பாத்துட்டா மொகம் கெட்டுப்போவும்" என்பார். தலைச்சுமைக்காரனின் முதுகு, குடம் தூக்கும் பெண்ணின் இடுப்பு. அவருக்கு அதுதான் ஊர்.

நான் அவர் பேச்சைக் கேட்கவில்லை. மில் வாசலில் சுக்குக் காப்பி விற்கிற இடத்தில் போய் உட்காருவேன். முதலில் பல நாள் வெறுங்கையோடு. என்னை நன்றாகத் திட்டுவார்கள். திட்டித் திட்டிச் சலித்த பிறகு பேசுவார்கள். அப்புறம்தான் கேமராப் பெட்டியைக் கொண்டுபோவேன். வயிற்றோடு அணைத்துக்கொண்டு, ஒருமுறை குனிந்து அளவு பார்த்துவிட்டு நிமிர்ந்துவிடுவேன். பேச்சு நடக்கும். எதிரில் இருப்பவன் பெட்டியைப் பார்க்க மாட்டான், என்னைப் பார்ப்பான். விரல் தன் வேலையைச் செய்யும்.

அப்படித்தான் அவனை எடுத்தேன். நூல் பிரிவில் வேலை செய்தவன். தலையெல்லாம் பஞ்சு.

"டேய், படம் புடிச்சா ஆயுசு கொறையும்டா, எழுந்து வா" என்றான் அவனுடைய கூட்டாளி.

"அவரு சும்மா பொட்டிய வச்சிக்கினு ஒக்காந்திருக்காரு. நீ மூடு."

"பொண்டாட்டி எங்கப்பா?" என்று நான் கேட்டேன்.

"தலப்பிரசவம்ணே. சேதராப்பட்டுல தாய் வூட்டுல இருக்கா. நான் நிம்மதியா இருக்கேன்."

"நிம்மதியாவா? கஞ்சி காச்சத் தெரியாம தெனம் எங்கூட்டு வாசல்ல வந்து நிக்கிறாண்ணே! நேத்து என் பொண்டாட்டி நாய்னு நெனச்சி வெரட்டுனா!"

அவன் சிரித்தான். வெற்றிலைக் காவி ஏறிய பல் அத்தனையும் தெரிய, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தான். நான் எடுத்துவிட்டேன்.

முதலாளி பிளேட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பல்லக் காட்றவன எந்தத் தொரை வாங்குவான்?" என்று கழுவுகிற குவியலில் வைத்தார். அந்தக் காலத்துப் பிளேட் என்றால் கண்ணாடி. வேண்டாததைச் சூடான சலவைச் சோடாத் தண்ணீரில் ஊறவைத்தால் படம் சவ்வாக உரிந்து வந்துவிடும். மிஞ்சுகிற வெறும் கண்ணாடியை மாதா படத்துக்கும் முருகன் படத்துக்கும் சட்டம் போட வைத்துக்கொள்வார். எங்கள் ஊரில் எத்தனை சாமிகள் மனிதர்களின் முகத்தைக் கழுவிப்போட்ட கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறார்களோ.

அந்த மழையில் மில் பக்கம் வாந்திபேதி வந்தது. அவனும் போனான். அன்றைக்கே உப்பளத்துக் கல்லறையில் புதைத்துவிட்டார்கள். சேதராப்பட்டுக்குச் சேதி போனபோது அவன் மனைவிக்குப் பிரசவ வலி.

உடம்பு தேறியதும் கைக்குழந்தையோடு கடை வாசலில் வந்து நின்றாள்.

"மில்லு வாசல்ல எங்கூட்டுக்காரரப் படம் புடிச்சது நீதான?"

ஆமாம் என்றேன்.

"உன் பொட்டிதான் அவரத் தின்னுடுச்சின்னு எம்மாமியா சொல்லுது. தின்னது தின்னுட்டுப் போவட்டும். மொகத்தையாவது குடுத்துடு. இந்தப் புள்ள அத இன்னும் பாக்கல."

அவள் சண்டைக்கு வரவில்லை. பிச்சையும் கேட்கவில்லை. கொடுத்து வைத்ததைத் திருப்பிக் கேட்கிற மாதிரி நின்றாள். மாதக்கணக்காகச் சேர்ந்த குவியலுக்கு அன்று காலையில்தான் கொல்லையில் சோடா ஊற்றியிருந்தார்கள்.

ஓடினேன். அவளும் பின்னாலேயே வந்தாள். தொட்டி ஓரத்தில் கழுவிய கண்ணாடிகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து வெயிலில் பிடித்தேன். வானம்தான் தெரிந்தது. சாக்கடையில் சவ்வுகள் கருப்பாகச் சுருண்டு கிடந்தன. அவள் குழந்தையைத் துணி துவைக்கும் கல்லில் கிடத்திவிட்டு, சாக்கடைக்குள் கைவிட்டு அவற்றை அள்ளினாள். ஒவ்வொன்றையும் விரித்துப் பார்த்தாள். நெகட்டிவ் அல்லவா, முகம் கருப்பு, முடி வெளுப்பு. "இன்னாண்ணே இது, எல்லாம் பேயி மாரி இருக்குது. இதுல அவர நான் எப்பிடிக் கண்டுபுடிப்பேன்?" என்று கத்தினாள்.

முதலாளி கதவோரம் வந்தார். "இன்னாய்யா நாடகம் இது? கடைய யார் பாக்கறது?"

"நீயே பாரு" என்றேன். அவரை ஒருமையில் பேசியது அன்றுதான்.

தொட்டியின் அடியில் இன்னும் சில பிளேட்டுகள் இருந்தன. இன்னும் ஆறாத தண்ணீருக்குள் கைவிட்டேன், கை வெந்தது. ஒன்றில் படம் ஒரு பக்கம் கிளம்பிக் கொடிபோல ஆடிக்கொண்டிருந்தது. தலை பின்னால் சாய்ந்திருந்தது. வாய் திறந்திருந்தது. அவன்தான். பச்சைத் தண்ணீர் நிறைந்த தட்டுக்கு அதை அப்படியே மாற்றி, ஒரு தாளை அடியில் விட்டு, கிளம்பிய பக்கத்தை மறுபடி கண்ணாடியில் படுக்கவைத்தேன். அது படுக்கவில்லை. சூட்டில் பெருத்துப்போன சவ்வு. ஒரு பக்கம் தள்ளினால் மறுபக்கம் சுருங்கியது. கடைசியில் கன்னத்தின் குறுக்கே ஒரு மடிப்பு விழுந்தது. இன்னும் தொட்டால் முகமே கிழிந்துபோகும். கையை எடுத்துவிட்டேன்.

நிழலில் காயவைத்து, மறுநாள் வெயிலில் ஒரு பிரதி போட்டேன். அவள் இரண்டு கையாலும் வாங்கினாள்.

"எம்முன்னாடி இவரு இப்பிடி சிரிச்சதே இல்லண்ணே" என்றாள்.

கல்யாணமாகி ஒரு வருஷம். மாமியார் இருக்கிற ஒற்றை அறை வீடு. எங்கே சிரிப்பான்? அவளுக்குச் சேர வேண்டிய சிரிப்பு என்னிடம் வந்திருந்தது. அவள் முகத்தில் இருந்தது சந்தோஷமா பொறாமையா என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

"இந்தக் கோடு?"

"சோடா."

மடிப்பு விழுந்த கன்னத்தைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு, படத்தைக் குழந்தையின் முகத்துக்கு நேரே பிடித்தாள். குழந்தை அவள் விரலைத்தான் பார்த்தது. அவள் விரலை எடுக்கவில்லை.