ஒருசந்தி நாளில் தின்ற மீன் பணிஸ்

என் கணவர் ஒரு சொட்டுச் சாராயம் தொடாத கடற்றொழிலாளி. ஆனாலும் ஈரல் பழுதானது அவருக்குத்தான். முல்லைத்தீவுக் கரையில் இதை நம்பவைப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

மாற்று ஈரலுக்காக நாங்கள் இருவரும் கொழும்பில், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் அறை எடுத்துக் காத்திருந்தோம். தவக்காலத்து வெள்ளி ஒன்றில், விடிந்ததும் அழைப்பு வந்தது. அவரை உள்ளே கொண்டுபோனதும் ஊரிலிருந்த அவருடைய அக்காவுக்கு, என் மச்சாளுக்கு, போன் எடுத்தேன். மச்சாளுக்கு ஒரு சொல் போதும். பின்னேரம் மூன்று மணிக்கு ஒரு வான் வண்டியில் பதினொரு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார். எல்லாரும் இரத்தம் கொடுக்க வந்தவர்கள்.

அந்த நேரம்தான் மருத்துவர் வெளியே வந்தார்.

"பழைய ஈரலை எடுத்திட்டம். புதுசு இன்னும் வேலை தொடங்கேல்லை. இரத்தம் உறையுது, உறைஞ்ச கையோட கரைஞ்சு போகுது. அதாலதான் இரத்தப்பெருக்கு நிக்குதில்லை. கரையிறதை நிப்பாட்ட மருந்து குடுத்திருக்கிறம்."

எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: உள்ளே ஒருவர் வலையைப் பின்னப் பின்ன, இன்னொருவர் அவிழ்த்துக்கொண்டிருக்கிறார். வாழ்க்கையில் அப்படிப் பயந்ததில்லை.

மச்சாள் பதினொரு பேரையும் இரத்த வங்கிக்கு இழுத்துக்கொண்டு போனார். நானும் பின்னால் போனேன்.

"என்ன சாப்பிட்டனீங்கள்?" என்று தாதி கேட்டார்.

"ஒண்டுமில்லை," என்றார் மச்சாள் பெருமையாக. "எல்லாரும் ஒருசந்தி. தம்பி மேசையால இறங்கினாப் பிறகுதான் சாப்பாடு."

"அப்பிடியெண்டா ஒருத்தரிட்டையும் எடுக்கேலாது. வெறும் வயித்தோட குடுத்தா மயங்கி விழுவீங்கள்."

இரத்தம் கொடுக்க எட்டு மணித்தியாலம் ஓடிவந்த வானில் ஒருவர்கூட ஒரு பிஸ்கட் கடிக்கவில்லை. இப்படிப் பிழை விட எங்கள் ஆட்களால்தான் முடியும். எனக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

யுத்தத்தின் கடைசி மாதங்களில் கஞ்சிக்கு வரிசையில் நின்ற காலத்திலும் ஒருசந்தி தவறாதவர் மச்சாள். அவர் நெஞ்சில் சிலுவை போட்டார்.

"மாதாவே, தம்பிக்காகப் பிடிச்சனான். தம்பிக்காகவே விடுறன்." என் பக்கம் திரும்பி, "கடை எங்கை?" என்றார்.

வாசல் கடையில் மிஞ்சியிருந்தது மீன் அடைத்த பணிஸ் ரொட்டி மட்டும். ஒருவர் மணந்து பார்த்து, "இது எந்தக் காலத்து மீனோ," என்றார்.

"கதைக்காமல் தின்னுங்கோ," என்றார் மச்சாள். அவர் மட்டும் மூன்று தின்றார்.

அவர்கள் கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு வரிசையாக இருந்தபோது மருத்துவர் மறுபடி வந்தார். "பெருக்கு நிண்டிட்டுது. புது ஈரல் வேலை செய்யுது."

மருந்தும் ஈரலும் செய்த வேலை என்றுதான் அவர் விளக்கினார். வானில் வந்தவர்கள் இன்றைக்கும் பணிஸ் என்றுதான் சொல்கிறார்கள். நான் யாரோடும் வாதிடுவதில்லை. அன்று எனக்கு இருந்த சந்தோசத்தில் அந்தக் கடைக்காரரையும் கும்பிட்டிருப்பேன்.

வீட்டுக்கு வந்த முதல் வெள்ளியன்று மச்சாள் பட்டினி கிடந்தபடி மீன் குழம்பு வைத்துத் தம்பிக்குப் பரிமாறினார்.

"நீங்கள் சாப்பிடேல்லையே அக்கா?"

"நான் ஒருசந்தி. நீ சாப்பிடு."

என் கணவர் சோற்றுக் கோப்பையை வழித்துவிட்டு இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார். நோய் வந்த பிறகு அவர் இரண்டாம் தரம் சோறு கேட்டது அன்றைக்குத்தான். மச்சாள் குசினிக்குள் ஓடிப்போய்ப் பானையையே தூக்கிக்கொண்டு வந்தார்.